உலகத் தரவரிசையில் ஏறிய குத்துச்சண்டை வீரரைக் கடலூரில் கொண்டாடுவது எப்படி?

ஹரியானா மாநிலம் ரோத்தக் மாவட்டத்தின் மாய்னா என்னும் சிற்றூரைச் சேர்ந்த அமித் பங்கால், 2020 பிப்ரவரியில் 52 கிலோ எடைப் பிரிவில் உலகின் முதலிடத்தைப் பிடித்தார் என்ற செய்தி வந்தபோது, கடலூர் தேவனாம்பட்டினத்தில் நாங்கள் சிலர் கூடி அதைக் கொண்டாடுவது என்று முடிவு செய்தோம். மாலை போட்ட படம், மைக் செட், ஒரு கட்டுப் பட்டாசு ஆகிய மூன்றுக்கு மேல் எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. கூட்டம் சேர்ந்தது. ஆனால் வந்தவர்களில் பலர், "யாரை ஜெயிச்சார்? எந்த ஊர்ல போட்டி?" என்றுதான் கேட்டார்கள். அந்த வாரத்தில் போட்டி எதுவும் நடக்கவில்லை, ஒரு பட்டியல்தான் வெளியாகியிருக்கிறது என்று நாங்கள் சொன்னபோது, பட்டியலுக்கா இத்தனை ஆரவாரம் என்ற கேள்வி அவர்கள் முகத்தில் தெரிந்தது. அவர்கள் மீது தவறில்லை. நாங்கள்தான் விளக்கத் தெரியாமல் வெடி வைத்தோம். அதன் பிறகு நடத்திய கூட்டங்களில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்ட முறையை, வேறு ஊர்களில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பதக்கம் ஒரு நாளில் கிடைப்பது. அந்த நாளின் காணொளி இருக்கும், எதிராளியின் பெயர் இருக்கும், கொடி ஏறும் காட்சி இருக்கும். தரவரிசை எண்ணுக்கு அப்படி ஒரு நாளோ காட்சியோ கிடையாது. பல நாடுகளில், பல மாதங்களாக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் ஆடிய போட்டிகளின் பலன் புள்ளிகளாகச் சேர்ந்து, அந்த வீரர் தம் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருக்கும் ஏதோ ஒரு நாளில் அது வெளியாகிறது. ஆகையால் தரவரிசை உயர்வைக் கொண்டாட விரும்புகிறவர்கள், அவர் ஏறிவந்த வழி முழுவதையும் ஊரார் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். இந்த வழிமுறை முழுவதும் அந்த ஒரு வேலையைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

முதலில் பட்டியலைச் சரிபாருங்கள்

செய்தி கைப்பேசிக்கு வந்த கையோடு அச்சகத்துக்கு ஓடாதீர்கள். குத்துச்சண்டையில் எல்லாருக்கும் பொதுவான ஒரே தரவரிசை என்பது கிடையாது. ஒவ்வோர் எடைப் பிரிவுக்கும், அதிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும், தனித்தனிப் பட்டியல் உண்டு. எனவே எண்ணை எழுதும் இடத்திலெல்லாம் எடையையும் சேர்த்தே எழுத வேண்டும். "உலகின் முதலிடம்" என்பது பாதிச் செய்தி. "ஆண்கள் 52 கிலோ பிரிவில் உலகின் முதலிடம்" என்பதே முழுச் செய்தி. எடையைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பங்கால் 2019-ன் தொடக்கம் வரை 49 கிலோ பிரிவில் ஆடியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான அந்தப் பிரிவு இல்லை என்றானதால் அவர் 52 கிலோவுக்கு ஏறி, தம்மைவிட உயரமும் கைநீளமும் கூடியவர்களோடு மோத வேண்டிவந்தது. அப்படி மாறி ஓராண்டு ஆவதற்குள் அந்தப் புதிய பிரிவிலேயே முதலிடம் என்று சொல்லும்போதுதான் கேட்பவர்களுக்கு அந்த எண்ணின் கனம் தெரிகிறது.

அடுத்து, பட்டியலை வெளியிட்டவர் யார் என்று பாருங்கள். அமெச்சூர் குத்துச்சண்டையை, அதாவது ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்றவற்றில் ஆடப்படும் வகையை, 1946 முதல் நிர்வகித்துவந்த உலகச் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2019-ல் இடைநீக்கம் செய்தது. அதனால்தான் 2020-ல் பங்காலை 420 புள்ளிகளோடு முதலிடத்தில் வைத்த பட்டியல், ஒலிம்பிக் குழு அமைத்த பணிக்குழுவிடமிருந்து வந்தது. பிறகு 2023 ஜூனில் அந்தப் பழைய சங்கத்துக்கான அங்கீகாரமே திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் தொடங்கப்பட்ட வேர்ல்டு பாக்சிங் என்னும் புதிய அமைப்புக்கு 2025 பிப்ரவரியில் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பும் இப்போது இந்தப் புதிய அமைப்பில்தான் உறுப்பினராக இருக்கிறது. பழைய அமைப்பும் தன் போக்கில் போட்டிகளை நடத்திக்கொண்டிருப்பதால் செய்திகளில் இரண்டும் கலந்துவிடும் வாய்ப்பு உண்டு. எந்த அமைப்பு, எந்த மாதத்துப் பட்டியல் என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், கூட்டத்தில் யார் கேட்டாலும் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.

தொழில்முறைக் குத்துச்சண்டையின் பட்டியல்கள் முற்றிலும் வேறானவை. விஜேந்தர் சிங் 2015-ல் தொழில்முறைக்கு மாறினார். அதன் பிறகு அவர் பெற்ற பட்டங்களை, 2009-ல் அமெச்சூர் 75 கிலோ பிரிவில் அவர் உலகின் முதலிடம் பெற்றதோடு சேர்த்து ஒரே சுவரொட்டியில் போட்டால், விவரம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். படத்தையும் இருமுறை பாருங்கள். எங்கள் முதல் சுவரொட்டியில் வேறொரு வீரரின் படம் அச்சாகிவிட்டது. ஒட்டி முடித்த பிறகு ஒரு கல்லூரி மாணவர் வந்து சொன்னார். அன்றிரவே எல்லாவற்றையும் உரித்தெடுத்தோம். யாரைப் பாராட்ட வந்தோமோ அவருடைய முகமே தெரியாமல் பாராட்டியிருக்கிறோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

படிக்கட்டுப் பலகை

எங்கள் கூட்டங்களில் மிகுந்த பயன் தந்தது ஒரு பலகை. எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கிக் கரும்பலகை வண்ணம் பூசி, இடது கீழ்மூலையிலிருந்து வலது மேல்மூலைக்குப் படிகள் வரைந்து, ஒவ்வொரு படியிலும் ஆண்டு, ஊர், எதிராளியின் பெயர், முடிவு ஆகிய நான்கையும் சாக்பீஸால் எழுதுகிறோம். வென்றது வெள்ளையில், தோற்றது மஞ்சளில். தோல்விகளைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாழ்த்து விழாவில் தோல்வியை ஏன் எழுத வேண்டும் என்று முதலில் சிலர் தடுத்தார்கள். பலகையைப் பார்த்தபின் அவர்களே வாதத்தை விட்டுவிட்டார்கள்.

பங்காலின் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படி 2017, தாஷ்கண்ட், ஆசியச் சாம்பியன்ஷிப் வெண்கலம். அடுத்தது அதே ஆண்டு ஹாம்பர்க் உலகச் சாம்பியன்ஷிப். காலிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மத்தோவிடம் தோல்வி. இந்தத் துஸ்மத்தோவ் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ தங்கம் வென்றவர். மூன்றாவது படி 2018 ஏப்ரல், கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டி; இறுதியில் இங்கிலாந்தின் கலால் யாஃபாயிடம் தோற்று வெள்ளி. நான்காவது படி அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இறுதியில் மீண்டும் அதே துஸ்மத்தோவ், இம்முறை 3-2 என்று பங்காலுக்கு வெற்றி, தங்கம். ஐந்தாவது, 2019 பாங்காக், எடை மாறி 52 கிலோவில் ஆசியத் தங்கம். ஆறாவது, 2019 செப்டம்பர், ரஷ்யாவின் எகாதெரின்பர்க் நகரில் உலகச் சாம்பியன்ஷிப் வெள்ளி. இறுதியில் ரியோ 52 கிலோ சாம்பியன் ஷகோபிதின் ஸோய்ரோவிடம் தோல்வி என்றாலும், உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்ற முதல் இந்திய ஆண் அவர்தான். அதற்கு மேல், உச்சியில், 2020 பிப்ரவரி, 420 புள்ளிகள், முதலிடம்.

கட்டுமரத்தில் தொழில் செய்த ஒரு பெரியவர் இந்தப் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஹாம்பர்க் என்று எழுதிய படியில் ஒரு விரலையும் ஜகார்த்தா என்று எழுதிய படியில் இன்னொரு விரலையும் வைத்து, "அப்ப இவன்கிட்டத் தோத்துட்டுப் போயி, ஒரு வருசம் வச்சிருந்து இவனையே ஜெயிச்சிருக்கான்" என்று பக்கத்தில் நின்ற பேரனிடம் சொன்னார். நான் மைக்கில் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் அந்தச் சிறுவனுக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. மஞ்சள் படிகள் இல்லையென்றால் அந்தப் பெரியவருக்கு அந்த வாக்கியமே கிடைத்திருக்காது.

வேறு வீரர்களுக்கும் இதே முறைதான். விஜேந்தரின் பலகையில் 2008 பெய்ஜிங் வெண்கலம், இந்தியக் குத்துச்சண்டைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். 2009 மிலான் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலம். அதே மாதத்தில் 2800 புள்ளிகளோடு முதலிடம். மேரி கோம் 2018 நவம்பரில் புதுதில்லியில் 48 கிலோ பிரிவில் தம் ஆறாவது உலகப் பட்டத்தை வென்று, 2019 ஜனவரியில் வெளியான பட்டியலில் 1700 புள்ளிகளோடு முதலிடத்துக்கு வந்தார். அவருடைய முதல் உலகப் பட்டம் 2002-ல் கிடைத்தது. இடையில் பதினாறு ஆண்டுகள், மூன்று குழந்தைகளின் பிறப்பு, 2012 லண்டன் வெண்கலம் எல்லாம் வருகின்றன. இந்தப் பலகைக்கு எட்டடி போதாது. இரண்டு பலகைகளைச் சேர்த்துக் கட்டினோம்.

யாருடைய உயர்வைக் கொண்டாடினாலும், பெண்களின் பலகை ஒன்றும் அருகில் இருக்கட்டும். நிகத் ஸரீன் 2022-ல் இஸ்தான்புல்லிலும் 2023-ல் புதுதில்லியிலும், ஜாஸ்மின் லம்போரியாவும் மீனாட்சி ஹூடாவும் 2025-ல் லிவர்பூலிலும் உலகப் பட்டம் வென்றவர்கள். நம் பெண்பிள்ளைகள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடாமல் முன்னால் வந்து படிப்பதற்கு இந்தப் பெயர்கள் உதவுகின்றன. பலகையின் ஒரு மூலையில், 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைக் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்ற சென்னை வீரர் வி. தேவராஜனின் பெயரையும் நாங்கள் எழுதுவதுண்டு. தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் அந்த உயரத்துக்குப் போயிருக்கிறார் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

இடமும் நாளும்

மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் நடத்துவதானால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும், வெள்ளிக் கடற்கரையில் நடத்துவதானால் மாநகராட்சியிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தின் அனுமதி தனி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுவதற்குமான விதி. மீனவக் குப்பத்துக்குள் நடத்தினால் ஊர்ப் பெரியவர்களான நாட்டாரிடம் முதலில் பேசிவிடுவது முறை. அவர்கள் இசைந்துவிட்டால் பந்தல் முதல் நாற்காலி வரை ஊரே பார்த்துக்கொள்ளும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளியை நம்பாதீர்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று இந்தக் கரையில் அடித்ததை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. புயல் இல்லாத ஆண்டிலும் வடகிழக்குப் பருவமழை பந்தலை விட்டுவைக்காது. மாசி மகத்தை ஒட்டிய நாட்களில் கடற்கரையில் தீர்த்தவாரிக் கூட்டம் இருக்கும். என் அனுபவத்தில் மிகப் பொருத்தமான காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இளைஞர்கள் ஊரில் இருப்பார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் விடுமுறை; வெயில் தாழ்ந்தபின் ஐந்தரை மணிக்குத் தொடங்கினால் கடற்காற்றும் துணைக்கு வரும். பட்டியல் வெளியான அன்றே கொண்டாட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஏறிய ஏற்றத்தை ஒரு மாதம் தள்ளிக் கொண்டாடினால் அது பழசாகிவிடாது.

சாலையோரத்தில் பெரிய பேனர் வைக்காதீர்கள். சென்னை பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பரில் பேனர் சரிந்து விழுந்ததில் ஓர் இளம்பெண் உயிரிழந்ததை நினைத்தாலே போதும். துண்டறிக்கையும் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையும் போதுமானவை.

இருபதடிச் சதுரம்

இனிச் சொல்வதுதான் அந்த மாலையின் உயிர். குத்துச்சண்டை வளையத்தின் கயிறுகளுக்கு உட்பட்ட பரப்பு ஒரு பக்கத்துக்கு 6.1 மீட்டர், அதாவது இருபதடி. வளையத்தை வாடகைக்கு எடுத்துவரப் பணம் தேவையில்லை. மண்தரையில் நான்கு முளைகளை அடித்து, படகுக் கயிற்றை இடுப்புயரத்தில் சுற்றிக் கட்டி, ஒரு மூலைக்குச் சிவப்புத் துணியும் அதன் எதிர்மூலைக்கு நீலத் துணியும் கட்டுங்கள். போட்டிகளிலும் இந்த இரண்டு மூலைகள்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்களை இருவர் இருவராக உள்ளே வந்து நிற்கச் சொல்லுங்கள். தொலைக்காட்சியில் விசாலமாகத் தெரிந்த இடம் எவ்வளவு சிறியது என்பதும், எதிரில் ஒருவர் கையை உயர்த்தி நின்றால் பின்வாங்க எத்தனை அடி மிச்சம் என்பதும் உள்ளே நின்றவருக்குத் தானாகவே புரியும்.

அதன் பிறகு மணியடித்து மூன்று நிமிடம் விடுங்கள். ஒருவரையொருவர் தொடக் கூடாது. காற்றில் மட்டும் குத்த வேண்டும், கால்கள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், முகத்தைக் காக்கும் கை தாடைக்குக் கீழே இறங்கக் கூடாது. இவை மூன்றே விதிகள். வலை இழுத்து உரமேறிய தோள்கள் என்பதால் எங்கள் பையன்கள் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார்கள். ஒரு நிமிடம் கழிவதற்குள் முதலில் இறங்குவது இடது கை. இரண்டாம் நிமிடத்தில் கால்கள் நின்றுவிடுகின்றன. மூன்றாம் நிமிடத்தில் வாயால் மூச்சு வாங்குகிறார்கள். அப்போது ஒரு நிமிட ஓய்வு கொடுத்து, "இன்னும் இரண்டு ரவுண்டு இருக்கிறது" என்று சொல்லுங்கள். தலா மூன்று நிமிடமாக மூன்று சுற்றுகள், இடையில் ஒவ்வொரு நிமிட ஓய்வு என்பதே அமெச்சூர் போட்டியின் அளவு, பெண்களுக்கும் அதுவேதான். இதை ஆடும்போது எதிரில் ஒருவர் திருப்பி அடித்துக்கொண்டும் இருப்பார் என்பதை அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே எழும் கைத்தட்டல், படத்துக்கு மாலை போடும்போது எழுவதைவிட வேறுவிதமாக ஒலிக்கும்.

உண்மையான சண்டையைக் காட்சிக்காக நடத்தாதீர்கள். பயிற்சி பெற்ற பிள்ளைகள் இருந்தால் ஸ்கிப்பிங் ஆடிக் காட்டட்டும், பயிற்சி தரும் மாஸ்டர் கையில் பிடித்த பேடில் ஜாப், ஹூக், அப்பர்கட் என்று குத்து வகைகளைக் குத்திக் காட்டட்டும், கையில் பேண்டேஜ் எப்படிச் சுற்றுவது என்று செய்து காட்டட்டும். விரலிடுக்குகள் வழியாகவும் மணிக்கட்டைச் சுற்றியும் அந்த நீளத் துணி போகும் முறையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தலைக்கவசம், மவுத் கார்டு, நடுவர், மருத்துவர் ஆகிய நான்கும் இல்லாத இடத்தில், கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே இரு சிறுவர்களை மோதவிடுவது கொண்டாட்டம் ஆகாது. ஆண்கள் பிரிவில் பெரியவர்கள் 2013 முதல் தலைக்கவசம் இல்லாமல் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "அவங்க போடலையே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இளையோருக்கும் பெண்களுக்கும் அது கட்டாயம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

திரையில் ஒரே ஒரு போட்டி

இருட்டியபின் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அந்த வீரரின் ஒரே ஒரு போட்டியை முழுமையாகக் காட்டுங்கள். வென்ற நொடிகளை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளிகள் வேண்டாம்; அவற்றைப் பார்த்தவர்களுக்குக் குத்துச்சண்டை என்றால் ஒரே குத்தில் விழுவது என்ற எண்ணமே மிஞ்சும். ஜகார்த்தா இறுதியைப் போல 3-2 என்று முடிந்த போட்டிதான் காட்டுவதற்கு ஏற்றது.

தொடங்குமுன் மதிப்பெண் முறையை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். வளையத்தைச் சுற்றி ஐந்து நீதிபதிகள் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் தம் பார்வையில் சிறப்பாக ஆடியவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9, அவர் மிகவும் பின்தங்கியிருந்தால் 8 என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போடுவார்கள். 3-2 என்றால் மூன்று பேர் ஒருவருக்கும் இரண்டு பேர் மற்றவருக்கும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். மூன்று குத்துக்கு இரண்டு குத்து என்று பொருளில்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தாலே பாதிக் கூட்டம் போட்டிக்குள் வந்துவிடும். பிறகு பார்வையாளர்களில் ஐந்து பேருக்குத் தாளும் பென்சிலும் கொடுத்து, ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் காணொளியை நிறுத்தி அவர்களை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஐந்து பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், ஒருவர் பள்ளி மாணவராக இருக்கட்டும். எங்கள் ஐவர் ஜகார்த்தா இறுதியை 3-2 என்றே போட்டார்கள், ஆனால் எதிராளிக்கு. அதைப் பற்றி நடந்த வாக்குவாதம் நாற்காலிகளை அடுக்கிய பிறகும் ஓயவில்லை.

மேடையும் பந்தியும்

பேச்சாளர்களுக்கும் மூன்று நிமிடம்தான். தொடங்க ஒரு மணி, முடிய பத்து நொடி இருக்கும்போது இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி ஓர் ஒலி, முடிய ஒரு மணி; போட்டிகளிலும் பத்து நொடி எச்சரிக்கை உண்டு. இதைச் சிறப்பு விருந்தினரிடம் முன்பே பணிவாகச் சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பொன்னாடையை ஊரில் பிள்ளைகளுக்கு விடியற்காலையில் ஓட்டம் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் போர்த்துங்கள். உலகத் தரவரிசையில் ஏறியவரின் அடியிலும் இப்படி ஒருவர் எங்கோ நின்றிருக்கிறார்.

பந்தியில் லட்டும் ஜாங்கிரியும் வைப்பது நம் வழக்கம். இந்தக் கூட்டத்துக்கு மட்டும் அதை மாற்றச் சொல்வேன். குத்துச்சண்டை வீரர்கள் போட்டி நடக்கும் ஒவ்வொரு நாளும் காலையில் எடைமேடையில் ஏறியாக வேண்டும். வரம்பைத் தாண்டினால் ஒரு குத்துக்கூட வாங்காமல் வெளியேற வேண்டியதுதான். மாநிலப் போட்டிக்குப் போகவிருந்த ஒரு பெண்ணுக்கு, அவள் கூச்சத்தோடு மறுக்க மறுக்க, பாசத்தோடு இனிப்பை ஊட்டிய பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த இரண்டு நாள் அவள் வியர்வைச் சட்டை போட்டுக்கொண்டு கடற்கரையில் ஓடினாள். வாயில் ஊட்டுவதுதான் அன்பு என்று பழகிய நமக்கு இது கடினம் என்றாலும், உண்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அவித்த வேர்க்கடலை, பட்டாணிச் சுண்டல், அவித்த முட்டை, பண்ருட்டிப் பலாச்சுளை என்று வைத்தால் வந்தவர்களுக்கும் வயிறு நிறையும், பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளும் தமக்கு வேண்டியதை அளவோடு எடுத்துக்கொள்வார்கள்.

வாழ்த்துக் கடிதம்

கூட்டத்திலேயே ஒரு கடிதம் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் வழியாகவோ அந்த வீரர் பணிபுரியும் ராணுவம், ரயில்வே, காவல்துறை போன்ற துறையின் வழியாகவோ அனுப்பலாம். தமிழில் எழுதி, கீழே இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்புச் சேர்த்தால் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பலகையில் நீங்கள் எழுதிய படிகளில் எது உங்கள் ஊராரை நிறுத்தி வைத்தது என்று சொல்லுங்கள். தமக்குத் தெரியாத கடற்கரையூர் ஒன்று தம் பழைய போட்டியொன்றுக்கு உட்கார்ந்து மதிப்பெண் போட்டுப் பார்த்தது என்பதைவிட ஒரு வீரருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி என்ன இருக்கிறது?

ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்: "அடுத்து ஒலிம்பிக் தங்கத்தோடுதான் வர வேண்டும்." எங்கள் 2020 துண்டறிக்கையில் அந்த வரி இருந்தது. பங்கால் டோக்கியோவுக்கு முதல் நிலை வீரராகப் போய், தம் முதல் போட்டியிலேயே கொலம்பியாவின் யுபெர்ஜென் மார்த்தினேஸிடம் 1-4 என்று தோற்று வெளியேறினார். அந்தக் காலையில் எங்கள் துண்டறிக்கை நினைவுக்கு வந்து நான் கூசிப்போனேன். அந்த எடையில் டோக்கியோவில் தங்கம் வென்றவர், பலகையின் மூன்றாவது படியில் இருக்கும் அதே கலால் யாஃபாய். ஓராண்டு கழித்து 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் பங்கால் 51 கிலோ தங்கம் வென்றார். நாங்கள் கேட்டதால் தோற்கவும் இல்லை, கேட்காததால் வெல்லவும் இல்லை. ஆனாலும் ஏறி வந்தவரிடம் ஏறிய களைப்பு ஆறுமுன் இன்னொரு கோரிக்கையை நீட்டியது எங்கள் பிழை.

மிச்சப் பணமும் பலகையும்

வசூலான தொகையில் எதை எதற்குச் செலவழித்தோம் என்பதை மறுநாளே எழுதி ஒட்டிவிடுங்கள். நாங்கள் பட்டாசை முழுவதும் நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் கை பேண்டேஜ்களும் ஸ்கிப்பிங் கயிறுகளும் இரண்டு ஜோடி கிளவுஸும் வாங்குகிறோம். கிளவுஸ் வாங்கும்போது, போட்டிக்கான 10, 12 அவுன்ஸ் கிளவுஸைவிடக் கனமானதைப் பயிற்சிக்கு வாங்குவது நல்லது. பஞ்சு அதிகம், அடிபடுகிறவருக்கும் அடிக்கிறவரின் விரல்களுக்கும் பாதுகாப்பு. வாங்குமுன் மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள், ஒவ்வொருவரின் எடைக்கும் அளவு மாறும். அடுத்த வாரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே பயிற்சி என்பதைக் கூட்டம் கலையுமுன் இருமுறை அறிவியுங்கள். சதுரத்துக்குள் மூன்று நிமிடம் நின்ற பிள்ளைகளில் சிலர் நிச்சயம் வருவார்கள்.

பலகையைக் கழற்றிப் பரணில் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பயிற்சி செய்யும் இடத்தின் சுவரில் மாட்டி, புதிய பட்டியல் வரும்போதெல்லாம் உச்சிப் படியில் இருக்கும் எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுங்கள். ஒன்று மூன்றாகலாம், மூன்று எட்டாகலாம். இறங்கிய நாளிலும் எழுதுங்கள்; மஞ்சள் சாக்பீஸ் ஒன்றைப் பலகையின் அடிச்சட்டத்திலேயே எப்போதும் வைத்திருங்கள்.